தாமோன் நின்ற விதம்

தாமோனைத் தூக்க இப்போது மெலித்தா ஒருத்தியே போதும். ஒரு கையை அவன் முதுகுக்கு அடியிலும் மற்றதை முழங்கால்களுக்கு அடியிலும் கொடுத்துக் கட்டிலிலிருந்து எடுத்தாள். நிலையில் தலை இடிக்காதபடி பக்கவாட்டில் திரும்பி, படி இறங்கி, முற்றத்தில் வெயில் விழுந்த இடத்துக்கு வந்தாள். மகள் மிர்த்தோ அங்கே ஆட்டுத்தோலை விரித்து வைத்திருந்தாள்.

“மூச்சு வாங்குதா உனக்கு?” என்றான் தாமோன்.

“எதுக்கு? தண்ணிக்குடம் இதைவிடக் கனம்.”

“ஒரு காலத்துல என்னைத் தூக்க எட்டு ஆளும் ரெண்டு மாடும் வேண்டியிருந்துச்சு.”

“அது உங்களை இல்ல. வெண்கலத்தை.”

“ஊர்ல யாருக்கு அந்த வித்தியாசம் தெரியுது?” என்று சிரிக்கப் போனவன் இருமினான். இருமல் அடங்கும்வரை மெலித்தா அவன் நெற்றியைத் தன் தோளில் தாங்கிக்கொண்டாள். மிர்த்தோ கொண்டுவந்த துணியால் அவன் வாயைத் துடைத்துவிட்டு, துணியில் என்ன இருக்கிறது என்று மகள் பார்ப்பதற்குள் மடித்தாள்.

ஆர்கோஸ் ஊரில் அந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாதுதான். சந்தைத் திடலின் மூலையில் நிற்கிற வெண்கல இளைஞனை வார்ப்பதற்காகச் சிற்பி எவாந்தஸ் ஒரு மாரிக்காலமும் ஒரு கோடையும் தாமோனைத் தன் பட்டறையில் நிறுத்திவைத்திருந்தார். அப்போது அவனுக்குத் தாடி அரும்பாத வயது. கோவேறு கழுதை வளர்த்து விற்கிற வீட்டுப் பிள்ளை. சிலை நின்ற பிறகு கொரிந்திலிருந்தும் ஏதென்ஸிலிருந்தும் சிற்பிகள் அளவுக்கயிறும் கையுமாக வந்து அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். விரலுக்கும் விரலுக்கும், விரல்களுக்கும் உள்ளங்கைக்கும், கைக்கும் முழங்கைக்கும், தலைக்கும் மொத்த உயரத்துக்கும் இருக்க வேண்டிய கணக்கு அந்த உடம்பில் கூடிவந்திருக்கிறது, எள்ளளவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்றார்கள். மனிதன் என்றால் இனி இதுதான் அளவு. அன்றிலிருந்து தாமோனுக்குச் சிலைக்காரன் என்று பெயர். மெலித்தா வாழ்க்கைப்பட்டு வந்ததும் சிலைக்காரன் பெண்டாட்டி.

அவள் அந்தச் சிலையை ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறாள். கல்யாணமான வருஷம், ஹேரா தேவியின் திருவிழாவுக்கு ஊரே வண்டி கட்டிப் போன நாளில். உடன் வந்த பெண்கள் முக்காட்டுக்குள் சிரித்துக்கொண்டு அவள் விலாவில் இடித்தார்கள். அவள் முகத்தை மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். அது தாமோனுடைய முகம் இல்லை. தாமோனுக்குத் தலை கொஞ்சம் பெரிது. இடது காது நுனியில் மடங்கியிருக்கும். பேசுமுன் ஒரு பக்கத்து உதடு முந்திக்கொண்டு சிரிக்கும். வெண்கலத்தின் முகமோ யாரையும் தெரியாத முகம். அதற்கப்புறம் அந்த வழியாகப் போனால் அவள் தலை நிமிர்த்துவதில்லை. தாமோனும் சிலையைப் பற்றிச் சொன்னால் ‘அந்தப் பய’ என்றுதான் சொல்வான். “அந்தப் பயலுக்கு என்ன, மழை வந்தாலும் ஒண்ணு வெயில் வந்தாலும் ஒண்ணு.”

போன மாரிக்காலத்தில் இருமல் பிடித்தது. வசந்தத்தில் ரத்தம். கோடை வருவதற்குள் தோளும் தொடையும் கரைந்து, எலும்பு தன் இருப்பைக் காட்டத் தொடங்கியது. எபிதாவ்ரோஸுக்குக் கூட்டிப்போய் வைத்தியக் கடவுளின் கோயில் மண்டபத்தில் படுக்கவைத்தார்கள். கனவில் கடவுள் வந்து சொல்வார் என்று நம்பிக்கை. தாமோனுக்குக் கனவே வரவில்லை. பக்கத்தில் படுத்திருந்த எண்ணெய் வியாபாரிக்கு வந்தது. திரும்பும்போது வண்டியில் படுத்தபடி தாமோன் சொன்னான்: “சாமி வந்திருப்பாரு மெலித்தா. சிலையைப் பாத்துட்டு வந்திருப்பாரு. என்னை அடையாளம் தெரியாம பக்கத்து ஆள்கிட்டப் போயிட்டாரு.”

இப்போது அவன் வெயிலுக்கு முகத்தைக் காட்டிக் கண்ணை மூடிக் கிடந்தான். மெலித்தா அவன் கால்களின் மேல் கம்பளியை இழுத்துவிட்டாள்.

“அக்கா வந்தாளா?”

“வரல.”

“வருவா.”

“இத்தனை மாசமா வராதவங்களா? நேத்துகூட அந்தச் சிலைக்கு மாலை போட்டுட்டுப் போனாங்களாம். பக்கத்து வீட்டுல சொன்னாங்க. அங்கிருந்து நாலு தெரு தாண்டினா நம்ம வீடு.”

“அவளை ஒண்ணும் சொல்லாதே,” என்றான். சொற்களுக்கு நடுவே மூச்சைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. “அந்தப் பய இருமமாட்டான்ல.”

மெலித்தா எழுந்தாள். பார்லிக் கஞ்சியை வடிகட்டி, தேன் விட்டுக் கொண்டுவர உள்ளே போனாள். அடுப்பில் சாம்பலைத் தள்ளி, கஞ்சி ஆறும்வரை காத்திருந்தாள். சூடாக இருந்தால் அவன் தொண்டை தாங்காது. மிர்த்தோ முற்றத்தில் கம்பளி சிக்கெடுத்துக்கொண்டே அப்பாவிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். எந்தக் கழுதை எதைக் கடித்தது என்று ஏதோ கதை. அப்புறம் அவள் குரலும் நின்றது.

கிண்ணத்துடன் வெளியே வந்தபோது வெயில் நகர்ந்துவிட்டிருந்தது. தாமோன் நிழலில் கிடந்தான். மிர்த்தோ உதட்டில் விரல் வைத்து, “தூங்குறாரு,” என்றாள்.

மெலித்தா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். குனிந்து பார்த்தாள். பிறகு ஆட்டுத்தோலின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து, அவன் தலை குலுங்காமல், மெல்ல மெல்ல வெயிலுக்கு இழுத்தாள். வெயில் அவன் மார்பு வரை வந்ததும் நிறுத்தினாள். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

“மிர்த்தோ,” என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. “கோர்கோ அத்தை வீட்டுக்குப் போய்ட்டு வா.”

“என்னன்னு சொல்ல?”

“வரச் சொன்னேன்னு சொல்லு. போதும்.”

கோர்கோ கம்பளிச் சால்வையால் தலையை மூடிக்கொண்டு, புருஷனுக்கு முன்னால் வேகமாக நடந்து வந்தாள். தம்பியைவிட அவளுக்கு நான்கைந்து வயது கூட. தாய் போன பிறகு அவனை இடுப்பில் வைத்து வளர்த்தவள். அதற்குள் மெலித்தா அவனை உள்ளே கொண்டுபோய்ப் பலகையில் கிடத்தியிருந்தாள். வாசலில் யாரோ சாவு வீட்டு வழக்கப்படி தண்ணீர்ப் பானை வைத்து அதில் சைப்ரஸ் கிளை செருகியிருந்தார்கள். கோர்கோ நிலைப்படியில் நின்றாள். பலகையைப் பார்த்தாள். பிறகு அறையின் மற்ற மூலைகளைப் பார்த்தாள்.

“எங்க அவன்?”

கோர்கோவின் பார்வை சுற்றிவிட்டுத் திரும்ப அதே பலகைக்கு வந்தது. அவள் அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை.

“எந்திரிங்க அண்ணி,” என்றாள் மெலித்தா. “குளிப்பாட்டணும். நம்ம ரெண்டு பேர்தான்.”

இருவரும் குளிப்பாட்டினார்கள். மெலித்தா தண்ணீர் ஊற்ற கோர்கோ கடற்பஞ்சால் துடைத்தாள். முதலில் விரல் நுனியால் தொட்டவள் போகப்போக முழுக் கையாலும் தொட்டாள். கழுத்தெலும்புக் குழியில் தண்ணீர் தேங்கியது. மெலித்தா அதைத் துணியால் ஒற்றியெடுத்தாள். விலா ஒவ்வொன்றாகத் துடைத்து, வயிற்றின் பள்ளத்தைத் துடைத்து, கால்களுக்கு வந்தார்கள். இடது முட்டியின் பக்கத்தில் ஒரு சின்ன முண்டு உண்டு. சின்ன வயதில் அத்திமரத்திலிருந்து விழுந்தது என்று தாமோன் சொல்லியிருக்கிறான். சதை வற்றிப்போனதால் அது இப்போது பெரிதாகத் தெரிந்தது. அங்கே வந்ததும் கோர்கோவின் கை நின்றது. வெகுநேரம் அங்கேயே இருந்தது. மெலித்தா காத்திருந்தாள்.

எண்ணெய் தடவி, வெள்ளைத் துணியால் சுற்றினார்கள். கால் விரலிலிருந்து மேலே வந்து, கைகளை உள்ளே வைத்து, தோள் வரை சுற்றியதும் கோர்கோ துணியின் நுனியைப் பிடித்தாள்.

“முகத்தையும் மூடிடு.”

“எதுக்கு?”

“நாளைக்கு ஊரே வரும். உடற்பயிற்சிக் கூடத்துப் பசங்க எல்லாம் வருவாங்க. அவனைப் பாத்துதான் உடம்பு வளத்தவங்க. இப்படிப் பாக்க வேணாம். அங்க நிக்கிறவனையே நினைச்சுக்கிட்டுப் போகட்டும்.”

“அங்க நிக்கிறவருக்கு மூஞ்சி வேற.”

“நல்லா இருந்தப்போ இருந்த மூஞ்சிடி அது.”

“இல்ல அண்ணி. நல்லா இருந்தப்பவும் இவருக்கு இந்த மூஞ்சிதான்.” மெலித்தா துணியின் நுனியை அவள் கையிலிருந்து எடுத்தாள். கன்னம் இரண்டும் குழிந்து, மூக்கு கூர்ந்து, இடது காது நுனியில் மடங்கிக் கிடந்த அந்த முகத்தைத் திறந்தபடி விட்டு, மோவாய்க்குக் கீழே முடிச்சிட்டாள். “கடைசியா வந்தவங்க பாத்துட்டுப் போகட்டும். நான் இத்தனை மாசமா பாத்தேன்ல.”

அது கோர்கோவுக்கு எங்கே போய்க் குத்தும் என்று தெரிந்துதான் சொன்னாள். சொல்லி முடித்ததும் வேண்டாமோ என்றிருந்தது. கோர்கோ தலையைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் ஊர் வந்தது. கால் வாசலைப் பார்க்கத் தாமோன் கட்டிலில் கிடந்தான். தலைமாட்டில் மெலித்தா, பக்கத்தில் மிர்த்தோ, கால்மாட்டில் கோர்கோ, மூவரும் முடி வெட்டி, தலைவிரிகோலமாக. ஒப்பாரி ஏறி இறங்கியது. வந்தவர்கள் கட்டிலைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினார்கள். வாசல் தாண்டிய பிறகு தெருவில் அவர்கள் பேசியது உள்ளே கேட்டது.

“இவனா அது?”

“நோய் என்னவெல்லாம் செய்யுது பாரு.”

“பாக்காமலே இருந்திருக்கலாம்.”

கோர்கோ மெலித்தாவைப் பார்த்தாள். மெலித்தா தாமோனின் நெற்றியில் ஈ உட்காராமல் விசிறிக்கொண்டிருந்தாள்.

கோர்கோவின் புருஷன் உள்ளே வந்து, மனைவியிடம் குனிந்து மெதுவாகச் சொன்னான்: “பெரியவங்ககிட்டப் பேசிட்டேன். நாளைக்கு விடியறதுக்குள்ள கிளம்புறோம். நீ சொன்னபடி சந்தைத் திடல் வழியா. வண்டியைச் சிலை முன்னால நிறுத்திப் பசங்க பாடுவாங்க.” கோர்கோ தலையாட்டினாள். மெலித்தாவை யாரும் கேட்கவில்லை. புருஷனை எடுத்துப்போகும் வழியை முடிவு செய்வது பெண்டாட்டி வேலையில்லை.

கூட்டம் குறைந்திருந்த மத்தியானத்தில் சிற்பி எவாந்தஸ் வந்தார். தாடி முழுக்க நரைத்து, வார்ப்புச் சூட்டில் வருஷக்கணக்காக வெந்த கைகள் புள்ளி புள்ளியாகத் தழும்பேறி, ஒரு ஆளின் தோளைப் பிடித்துக்கொண்டு. கோர்கோ எழுந்து அவருக்கு முக்காலி போட்டாள். அவர் உட்காராமல் தாமோனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இந்தக் காது இப்படித்தான் இருந்தது,” என்றார். “நான்தான் நிமிர்த்தினேன்.”

“நீங்கதான் ஐயா அவனைச் சாகவிடாம வச்சிருக்கீங்க,” என்றாள் கோர்கோ. “இங்க கிடக்கறது என்னவோ. அங்க நிக்கிறதுதான் என் தம்பி.”

கிழவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகுதான் முக்காலியில் உட்கார்ந்தார்.

“செத்தவன் முன்னால பொய் சொல்லக் கூடாது தாயி. அங்க நிக்கிறது இவன் இல்ல. மார்பு தெகேயா ஊர்க்காரன் ஒருத்தனோடது. தோளும் கையும் ஒரு மல்லனைப் பாத்துச் செஞ்சது, அதையும் செதுக்கிக் கணக்குக்குக் கொண்டுவந்தேன். தலை கணக்கு. விரல் கணக்கு. இவன் உடம்பு நல்ல உடம்புதான், இல்லைன்னு சொல்லல. ஆனா கணக்குக்குச் சரியா வர்ற உடம்பு எந்தத் தாய் வயித்துலயும் பிறக்காது.”

மெலித்தா விசிறியை நிறுத்தினாள். அயல் ஆணிடம் அவள் முகம் பார்த்துப் பேசியதில்லை.

“அப்புறம் எதுக்கு இவரை அத்தனை மாசம் நிறுத்தி வச்சிருந்தீங்க?”

“சொல்றேன்,” என்றார் கிழவர். “எல்லா அளவும் எங்கிட்ட இருந்தது. அதை வச்சு மண்ணுல ஒரு ஆளைச் செஞ்சேன். பழைய காலத்துச் சிலை மாதிரி ரெண்டு காலையும் ஊனிக்கிட்டு நட்ட கம்பமாட்டம் நின்னான். அளவெல்லாம் சரி. ஆள் இல்ல. உடைச்சுட்டு மறுபடி செஞ்சேன். மறுபடியும் கம்பம்தான். இவன் அப்போ மத்தப் பசங்களோட சும்மா அளவு கொடுக்க வந்தவன். ஒரு நாள் சாப்பாட்டு நேரம். பட்டறை வாசல்ல நின்னு ரொட்டி வருதான்னு பாத்துக்கிட்டிருக்கான். பாரத்தை எல்லாம் வலது கால்ல போட்டுட்டு, இடது காலைப் பின்னால தளர விட்டு, குதிகால் தரையில படாம நிக்கிறான். அதுல இடுப்பு ஒரு பக்கம் ஏறுது. தோள் அந்தப் பக்கம் இறங்குது. தலை லேசாத் திரும்புது. ஒண்ணு இறுகினா ஒண்ணு இளகுது. அசையாதேன்னு கத்தினேன். அசையல. எங்கிட்ட இருந்த அத்தனை அளவும் அந்த நிமிஷம் அதது இடத்துல போய் உக்காந்துச்சு.”

அவர் தழும்புக் கைகளை முட்டியில் வைத்துக்கொண்டார்.

“பாக்குறவங்க எல்லாரும் சொல்றது ஒண்ணுதான். எவ்வளவு சாவகாசமா நிக்கிறான், ஒரு கவலை இல்லாம. அந்தச் சாவகாசம் இவனோடது. அது ஒண்ணுதான் இவன்கிட்ட இருந்து எடுத்தேன்.”

கால்மாட்டில் கோர்கோ எழுந்து நின்றாள்.

“சாவகாசம் இல்லங்க ஐயா,” என்றாள். “வலி.”

கிழவர் நிமிர்ந்து பார்த்தார். மெலித்தாவும் பார்த்தாள்.

“சின்ன வயசுல அப்பா ஒரு புது ஜோடிக் கழுதை வாங்கிட்டு வந்தாரு. கிட்டப் போகாதேன்னார். இவன் போனான். இடது முட்டியிலே ஒரே உதை. ஓடிப்போய்ப் பாத்தா வைக்கோல்ல சுருண்டு கிடக்கான், சத்தமே போடாம. அப்பா கோபக்காரரு. தெரிஞ்சா அந்தக் கழுதையை அடிச்சே கொன்னுடுவாரு. அத்திமரத்துல இருந்து விழுந்தேன்னு சொல்லு அக்கான்னான். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்னைச் சத்தியம் பண்ண வச்சான்.” கோர்கோ துணியால் சுற்றிய அந்த முட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “அப்புறம் வீக்கம் வத்திடுச்சு. நடப்பான், ஓடுவான், ஒண்ணும் தெரியாது. நின்னாத்தான் தாங்காது. கொஞ்ச நேரம் நின்னா உள்ள ஊசி குத்துற மாதிரி இருக்கும்பான். அதான் அந்தக் காலைத் தளர விடுறது.”

“பட்டறையிலே…” என்றார் கிழவர்.

“தளர விட்டாலும் நாள் முழுக்கக் குதிகாலைத் தூக்கியே வச்சிருந்தா? ராத்திரி வீட்டுக்கு வந்து ஈரத்துணி கட்டிப்பான். நான்தான் கட்டிவிடுவேன். கொஞ்சம் மாத்தி நில்லேன்டான்னு சொன்னேன். அவர் அசையாதேன்னு சொல்லியிருக்காரு அக்கான்னான்.”

சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள். வந்ததிலிருந்து அவளிடமிருந்து வராத அழுகை இப்போது வந்தது. ஒப்பாரியின் ராகம் எதுவும் அதில் இல்லை. பட்டினி கிடந்த குழந்தை அழுவதுபோல் அழுதாள். மிர்த்தோ பயந்து அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்,” என்றார் எவாந்தஸ். பிறகு தன் ஆளின் தோளைப் பிடித்து எழுந்து, வாசல் பானையில் கை நனைத்துத் தலையில் தெளித்துக்கொண்டு போனார்.

மெலித்தா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கிணற்றடியில் கழுதைகள் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை தாமோன் அப்படித்தான் நிற்பான். வலது காலில் சாய்ந்து, இடது குதிகாலைத் தூக்கி. தெருக்கோடியில் நூறு பேருக்கு நடுவே நின்றாலும் அந்த நிலையை வைத்தே அது அவன் என்று அவளுக்குத் தெரியும். ஊர் சொன்ன சிலையின் பெருமையில் அவன் இப்படி நின்று பழகிவிட்டான் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். அடுப்படியிலிருந்து அவள் கூப்பிடுவாள்: “என்ன, சிலையாட்டம் நிக்கிறீங்க? இங்க வந்து விறகை எடுத்துப் போடுங்க.” பிரசவ வலியில் எரிச்சலாக ஒரு முறை, பக்கத்து வீட்டுப் பெண்கள் கேட்கும்படியாகவே ஒரு முறை, வேலை மிகுந்த எத்தனையோ நாட்களில் எத்தனையோ முறை. அவன் உதட்டோரம் சிரித்துக்கொண்டு, இடது காலை ஊன்றி, வருவான். ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். அப்பா செத்துப்போய், அந்தக் கழுதையும் செத்துப்போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது.

“ஏன் சொல்லல?” என்றாள்.

கோர்கோ கண்ணைத் துடைத்தாள். “சத்தியம் வாங்கியிருந்தான்டி.”

“உங்களைக் கேக்கல அண்ணி.”

அவள் கட்டிலின் பக்கவாட்டுக்கு நகர்ந்தாள். துணி தன் கையால் இறுக்கிச் சுற்றியது. இனி அவிழ்க்கக் கூடாது. துணிக்கு மேலேயே அந்த முட்டியைத் தேடிப் பிடித்து, உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். பிறகு எழவில்லை. வந்தவர்கள் அவளைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மாலையில் கோர்கோ வாசலுக்குப் போய்ப் புருஷனைக் கூப்பிட்டது கேட்டது.

“சந்தைத் திடல் வழி வேணாம்.”

“என்ன விளையாடுறியா? பசங்க பாட்டுப் பழகிட்டாங்க. நீதானே கேட்ட.”

“நான்தான் கேட்டேன். இப்போ வேணாம்னும் நான்தான் சொல்றேன். ஆத்தங்கரை வழியாப் போலாம்.”

“பெரியவங்க கேட்டா என்ன சொல்ல?”

“அவனுக்கு நின்னுக்கிட்டே இருக்க முடியாதுன்னு சொல்லு,” என்றாள் கோர்கோ.

விடிவதற்கு முன் கிளம்பினார்கள். தாமோன் வளர்த்த கழுதைகளையே வண்டியில் பூட்டியிருந்தார்கள். தீப்பந்தம் பிடித்த ஆண்கள் முன்னால் போனார்கள், குழல் ஊதுகிறவன் ஒருத்தன், பின்னால் பெண்கள். இனாக்கோஸ் பேருக்குத்தான் ஆறு. கோடையில் அதில் வெறும் கூழாங்கல். கரையோரப் பாதையில் வண்டி குலுங்கும்போதெல்லாம் கோர்கோ ஓடிப்போய்த் துணியைச் சரிசெய்தாள். கடைசியில் வண்டியின் விளிம்பைப் பிடித்தபடியே நடந்தாள். அவளை யாரும் பின்னால் வரச் சொல்லவில்லை. கல்லறைத் தோட்டத்தில் மண் வெட்டி வைத்திருந்தார்கள். பாலும் தேனும் ஊற்றினார்கள். மிர்த்தோ வெட்டிய தன் முடிக்கற்றையை உள்ளே போட்டாள். கிழக்கு வெளுத்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து குளித்து, வீடு கழுவி, பந்தி வைத்தார்கள். பயற்றங்கஞ்சி, ஒலிவக் காய், வெங்காயம், உறவுக்காரர் ஒருவர் கொண்டுவந்த பாலாடைக்கட்டி. சாப்பிட்டவர்கள் தாமோனைப் பற்றி நல்லதாகப் பேசினார்கள். சிலையைப் பற்றியும் பேசினார்கள். கோர்கோ எல்லோருக்கும் பரிமாறினாள், ஒரு வாய் சாப்பிடவில்லை. போகும்போது மெலித்தாவின் கன்னத்தை ஒரு கையால் தொட்டாள்.

“நாளைக்கு வரேன்.”

“வாங்க அண்ணி.”

“நாளைக்கு மட்டும் இல்ல.”

“தெரியும். வாங்க.”

வெயில் சாய்ந்தபோது வீட்டில் மெலித்தாவும் மகளும் மட்டும் இருந்தார்கள். கொட்டிலிலிருந்து குளம்பு உதைக்கிற சத்தம் வந்தது.

“அம்மா, கழுதைங்களுக்குத் தண்ணி காட்டல,” என்றாள் மிர்த்தோ. “காலையில வண்டியை அவுத்ததோட சரி.”

அது ஒருநாளும் மெலித்தாவின் வேலையாக இருந்ததில்லை. நோய் முற்றிய பிறகு கூலிக்கு ஒரு ஆள் வந்து போனான். இன்று சாவு வீடு என்று அவனும் வரவில்லை. அவள் ஆடை நுனியை இடுப்பில் செருகிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். வாளி வாளியாக இறைத்துக் கல்தொட்டியை நிரப்பினாள். மிர்த்தோ தாம்புக்கயிற்றை அவிழ்த்துவிட, கழுதைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து தொட்டியில் வாய் வைத்தன.

மெலித்தா பக்கத்தில் நின்றாள். இரண்டு காலையும் ஊன்றித்தான் நின்றாள்.

தண்ணீர் மெல்லக் குறைந்தது. கிழட்டுப் பெட்டைக் கழுதை தலையைத் தூக்கி, மோவாயில் நீர் சொட்டச் சொட்ட எங்கோ பார்த்து நின்றது. முடிந்தது என்று அவள் கயிற்றை எடுக்கப் போனாள். அது மறுபடியும் குனிந்தது. அதைப் பார்த்து மற்றதும் குனிந்தது. அவை குடிக்க இவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியாது.